சொல்லுக்கு ஒரு குறி: வடிவமைப்பும் வழக்கும்

முன்னுரை

ஒரு மொழியில் மிகுதியாக வழங்கும் சொல்லை ஒவ்வொரு முறையும் எழுத்தெழுத்தாக எழுதாமல் ஒரே குறியால் எழுதிவிடலாம் என்னும் எண்ணம் எழுத்து வரலாற்றில் பலமுறை தோன்றியுள்ளது. 2013ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரைச் சேர்ந்த உணவக உரிமையாளர் பால் மாத்திஸ், ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு முன் வரும் 'தி' என்னும் சுட்டுக்குப் புதியதொரு குறியை முன்மொழிந்தார். அச்சொல்லின் முதலிரண்டு எழுத்துகளைப் பிணைத்து அமைத்த வடிவம் அது. செர்பிய மொழியில் வழங்கும் சிரிலிக் எழுத்து ஒன்றை அது ஏறத்தாழ முழுவதும் ஒத்திருந்தது. 'அண்டு' என்னும் இணைப்புச் சொல்லுக்கு & என்னும் குறி இருக்கும்போது, அதைவிட மிகுதியாக வழங்கும் 'தி' என்னும் சொல்லுக்குக் குறி இல்லாமை ஏன் என்பதே அவர் எழுப்பிய வினா. கைப்பேசியில் அக்குறியைத் தட்டச்சிடுவதற்கான செயலியையும் அவர் உருவாக்கினார். ஆயினும் அக்குறி வழக்கில் நிலைபெறவில்லை.

இம்முயற்சியை ஒரு தனிமனிதரின் விநோத விருப்பம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர் எழுப்பிய வினா தமிழ் ஆய்வாளர்களுக்குப் பயன்படுவது. நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு, மேற்படி, ரூபாய் ஆகிய சொற்களுக்குத் தனிக்குறிகளைக் கொண்ட மொழி தமிழ். அவற்றை வடிவமைத்தவர் இன்னார் என்று சுட்ட இயலாது. போட்டி வைத்து அவை தேர்ந்தெடுக்கப்படவும் இல்லை. ஒருவர் திட்டமிட்டுப் படைத்த குறி நிற்காமல் போவதும், எவரும் திட்டமிடாத குறிகள் தலைமுறை தலைமுறையாக நின்றதும் எதனால் என்பதை ஆராய்வதும், அவ்வாராய்ச்சியின் வழியே நம் பதிப்பு முறையில் நேர்ந்துள்ள ஒரு குறையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணிக்கையும் இடமும்

மாத்திஸின் வாதம் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கிலத்தில் மிக மிகுதியாக வரும் சொல் 'தி' என்பதில் ஐயமில்லை. மிகுதியாக வரும் சொல்லைச் சுருக்கினால் மிகுதியான உழைப்பு மிஞ்சும் என்பது கணக்கின்படி சரியே. ஆனால் எழுத்து வரலாறு இக்கணக்கைப் பின்பற்றவில்லை. தமிழில் 'ஒரு', 'என்று', 'அந்த', 'இந்த' போன்ற சொற்கள் பக்கந்தோறும் வருகின்றன. இவற்றிற்குத் தனிக்குறிகள் தோன்றவில்லை. மாறாக, இலக்கிய உரைநடையில் எப்போதோ வரும் 'பற்று', 'வரவு', 'மேற்படி' ஆகியவற்றுக்குக் குறிகள் உள்ளன. எனவே குறியின் பிறப்புக்கு எண்ணிக்கை மட்டும் காரணமாகாது.

பிறிதொரு காரணத்தைத் தேட வேண்டியுள்ளது. கணக்கேடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஆண்டு வரும் இடம் ஒன்று. மாதம் வரும் இடம் ஒன்று. நாள் வரும் இடம் ஒன்று. தொகைக்கு அருகே நாணயத்தின் பெயர் வரும். ஒவ்வொரு வரியிலும் அதே சொல் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. படிப்பவர் அவ்விடத்தில் என்ன சொல் வரும் என்பதை முன்னரே அறிவார். அவர் அறிந்திருப்பதால், எழுதுபவர் அச்சொல்லை முழுமையாக எழுத வேண்டியதில்லை; கை விரைய விரைய எழுத்துகள் ஒன்றோடொன்று இழைந்து, தேய்ந்து, ஒரே வடிவமாக இறுகுகின்றன. வடிவம் எவ்வளவு தேய்ந்தாலும் இடம் அதனைக் காட்டிக்கொடுக்கும். சொல்லைக் குறியாக்குவது அதன் எண்ணிக்கை அன்று. அது நிற்கும் நிலையான இடம் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

பிற மொழிச் சான்றுகளும் இதற்கு அரண் செய்கின்றன. & என்னும் குறி இலத்தீன் மொழியில் 'உம்' என்னும் பொருள்தரும் 'எத்' என்னும் சொல்லின் இரண்டெழுத்துகள் இணைந்து பிறந்தது. ஆங்கில உரைநடையின் நடுவே இன்று அதனைக் காண்பது அரிது. ஆனால் வணிக நிறுவனங்களின் பெயர்களில் இரு பெயர்களுக்கு இடையே அது உறுதியாக நிற்கிறது. அது அதற்குரிய இடம். சிசரோவின் உதவியாளராக இருந்த டைரோவின் பெயரால் வழங்கும் சுருக்கெழுத்து முறையைச் சேர்ந்த, அதே பொருளுடைய மற்றொரு குறி, அயர்லாந்தில் ஐரிஷ் மொழி அறிவிப்புப் பலகைகளில் இன்றும் வழங்குகிறது.

வடிவமைக்கப்பட்ட குறி நிலைபெறவே மாட்டாது என்று கூறிவிடவும் முடியாது. 1557இல் இராபர்ட் ரெக்கார்டு என்னும் வேல்சு நாட்டுக் கணித அறிஞர், 'சமம்' என்று பொருள்படும் தொடரைத் திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பைத் தவிர்க்க, இணையான இரு கோடுகளைக் குறியாக அமைத்தார். அது உடனே பரவவில்லை எனினும், இன்று உலகப் பொதுவான குறியாக நிற்கிறது. அதுவும் ஒருவர் திட்டமிட்டுப் படைத்ததே. ஆனால் கணிதச் சமன்பாட்டில் அக்குறிக்கு உரிய இடம் அவர் அதைப் படைக்கும் முன்னரே காத்திருந்தது. மாத்திஸின் குறிக்கு அத்தகைய இடம் இல்லை. 'தி' என்னும் சுட்டு தொடரின் முதலிலும் இடையிலும் எங்கும் வரக்கூடியது. ஆகவே அதன் குறியை வாசகர் ஒவ்வொரு முறையும் வடிவத்தைக் கொண்டே இனங்காண வேண்டும். மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஒரு குறியை அமைத்து எழுதுபவருக்கு மிச்சப்படுத்திய உழைப்பை அது படிப்பவரின் தலையில் ஏற்றிவிடுகிறது.

இலக்கணம் விதிக்கும் வரம்பு

குறிக்கு இடம் வேண்டும் என்பதோடு, அக்குறி குறிக்கும் சொல் அம்மொழியில் தனித்து நிற்கும் இயல்பினதாகவும் இருத்தல் வேண்டும். தமிழில் இணைப்புப் பொருளைத் தருவது 'உம்' என்னும் இடைச்சொல். அது தனித்து நில்லாது. இணைக்கப்படும் பெயர்கள் ஒவ்வொன்றின் இறுதியிலும் ஒட்டி நிற்கும். இராமனும் இலக்குவனும் என்னும் தொடரில் இரண்டு பெயர்களுக்கு நடுவே நிற்கும் சொல் எதுவும் இல்லை. எனவே & என்னும் குறி தமிழ் இணைப்பைக் குறிக்க இயலாது. கடைப் பலகைகளில் தமிழ்ப் பெயர்களுக்கு நடுவே அது எழுதப்படும்போது நாம் அதனை 'அண்டு' என்றே படிக்கிறோம். குறியோடு அயல்மொழிச் சொல்லும் உடன் வருகிறது. அக்குறியைத் தமிழாக்க முனைந்தவர்கள் 'மற்றும்' என்னும் சொல்லை அவ்விடத்தில் அமர்த்தினர். இன்று அலுவலகத் தமிழில் பெருகியுள்ள 'மற்றும்' வழக்குக்கு ஆங்கிலத் தொடரமைப்பின் செல்வாக்கோடு இக்குறியின் செல்வாக்கும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. குறியும் தன் மொழியின் இலக்கணத்தைச் சுமந்தே வரும் என்பதற்கு இது தக்க சான்று.

தமிழ்ச் சொற்குறிகளின் இயல்பு

தமிழ் வழக்கில் உள்ள சொற்குறிகளை இப்பின்னணியில் நோக்கினால் சில பொது இயல்புகள் புலப்படுகின்றன. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, எண்ணுக்கு ௺ என்பன பரவலாக அறியப்பட்டவை. இவற்றோடு நெல், காசு, பணம், பொன், வராகன், குழி, வேலி, நன்செய், புன்செய், வகையறா, முதலிய போன்றவற்றுக்கும் குறிகள் இருந்தன. இப்பட்டியலைப் படித்தாலே அது எவ்வுலகைச் சேர்ந்தது என்பது விளங்கும். நிலம், தானியம், நாணயம், காலம், கணக்கு ஆகிய ஐந்தும் கணக்கரின் உலகம். கல்வெட்டுகளிலும் இம்மரபு உண்டு. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைப் பயின்றவர்கள், மூலத்தில் இச்சொல் குறியால் எழுதப்பட்டுள்ளது என்னும் பொருள்படப் பதிப்பாசிரியர் தரும் அடிக்குறிப்புகளை அறிவர்.

இக்குறிகளின் முதல் இயல்பு, பெரும்பாலானவை பெயர்ச்சொற்களையோ பெயர்போல் வழங்கும் சொற்களையோ குறிப்பது. இரண்டாவது இயல்பு, இவற்றில் சில தாம் பிறந்த எழுத்துகளின் சாயலை இழக்காமை. ௹ என்பதில் 'ரூ' என்னும் எழுத்தைத் தமிழ் அறிந்த எவரும் காணலாம். மூன்றாவது இயல்பே மிக முக்கியமானது. இக்குறிகள் சொல்லாகவே நடந்துகொள்கின்றன. பழைய ஆவணங்களில் ௵த்தில், ௴த்தில் என்று சாரியையும் உருபும் ஏற்று வருகின்றன. ௸யார் என்று எழுதினால் அது மேற்படியார் என்று படிக்கப்படும். குறியின் பின்னால் தமிழ் இலக்கணம் தடையின்றித் தொடர்கிறது. வடிவமைப்பாளர் ஒருவர் வரைபலகையில் அமர்ந்து சிந்திக்கும்போது எளிதில் தோன்றாத பண்பு இது.

நான்காவதாக ஒன்றையும் குறிப்பிட வேண்டும். குறி பொருளை உறுதிப்படுத்துகிறதேயன்றி ஒலியை உறுதிப்படுத்துவதில்லை. ௵ என்பதை ஒருவர் வருஷம் என்றும், மற்றொருவர் வருடம் என்றும், இன்னொருவர் ஆண்டு என்றும் படிக்கலாம். ௴ என்பது மாதமாகவும் மாசமாகவும் ஒலிக்கலாம். எழுதியவர் எந்த வடிவத்தை மனத்தில் கொண்டிருந்தார் என்பதைக் குறி மட்டும் கொண்டு அறிய இயலாது. இவ்வியல்பு பதிப்பில் எழுப்பும் சிக்கலைப் பின்னர்க் காண்போம்.

அச்சு விளைத்த திரிபு

கையால் எழுதும் வழக்கில் பிறந்த குறிகள் அச்சுக்கு வரும்போது என்னவாகின்றன என்பதற்கு இரு மொழிகளிலிருந்து ஒத்த சான்றுகள் கிடைக்கின்றன.

மாத்திஸ் கேட்ட குறி ஆங்கிலத்தில் ஒருகாலத்தில் இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் 'தி' என்னும் சொல்லின் தொடக்க ஒலிக்குத் 'தோர்ன்' எனப்படும் தனியெழுத்து வழங்கியது. அவ்வெழுத்தின் தலையில் 'ஈ' என்னும் சிற்றெழுத்தை ஏற்றி எழுதினால் அது 'தி' என்னும் சொல்லின் சுருக்கமாகும். பிற்காலக் கையெழுத்தில் தோர்ன் எழுத்தும் 'ஒய்' எழுத்தும் ஒன்றுபோல் தோன்றின. ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து வந்த அச்செழுத்துகளில் தோர்ன் இல்லை. அச்சுக்கோப்பவர்கள் அதன் இடத்தில் ஒய் எழுத்தை வைத்தனர். 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியப் பதிப்பிலும், வரியில் இடம் போதாத சில இடங்களில் இச்சுருக்கத்தைக் காணலாம். இங்கும் வரியின் நெருக்கடியே அதற்கு இடம் தந்தது. பின்னர் வந்தவர்கள் அச்சுருக்கத்தின் வரலாற்றை மறந்து, எழுத்துக் கூட்டி 'யீ' என்று படிக்கத் தொடங்கினர். பழமைத் தோற்றம் வேண்டிக் கடைப் பலகைகளில் 'யீ ஓல்டு' என்று எழுதும் வழக்கம் இதிலிருந்து பிறந்தது. என்றும் எவரும் பேசியிராத ஒரு சொல், அச்சுப் பெட்டியில் ஓர் எழுத்து இல்லாமையால் மொழிக்குள் புகுந்தது.

தமிழில் இதற்கு நேரிணையாக நிற்பது ௸ என்னும் மேற்படிக் குறி. அதன் தோற்றம் 'ஷை' என்பதனோடு ஒத்திருக்கிறது. குறிக்கான அச்செழுத்து இல்லாத இடங்களில் 'ஷை' என்றும் 'ஷெ' என்றும் அச்சிடப்பட்டது. பழைய பதிப்புகளின் அடிக்குறிப்புகளிலும், சாசனங்களிலும், வழக்கு ஆவணங்களிலும் 'ஷை' என்பதைப் பரவலாகக் காணலாம். அவற்றைப் படித்த மூத்த தலைமுறையினர் அதனை 'மேற்படி' என்றே வாய்விட்டுப் படித்தனர்; வடிவம் மாறினாலும் இடம் மாறாததால் பொருள் தவறவில்லை. பத்திர வழக்கோடு தொடர்பற்ற இன்றைய மாணவர் அதனை 'ஷை' என்றே ஒலிக்கிறார். வடமொழிச் சொல் ஒன்றின் சுருக்கம் போலும் என்று கருதுகிறார். அதற்கும் வடமொழிக்கும் தொடர்பில்லை. ஆங்கிலத்தின் 'யீ'யும் தமிழின் 'ஷை'யும் ஒரே நிகழ்வின் இரு வடிவங்கள். குறி தன் இடத்தை அறிந்த வாசகரை இழக்கும்போது வெறும் எழுத்தாகச் சரிந்துவிடுகிறது.

வடிவமைக்கப்பட்ட ரூபாய்க்குறி

அண்மைக் காலத்தில் இந்தியாவில் ஒரு பொதுச்சொல்லுக்குத் திட்டமிட்டுக் குறி படைக்கப்பட்ட பெருநிகழ்வு ரூபாய்க்குறி. 2009இல் நடுவண் அரசு இதற்கெனப் போட்டி அறிவித்தது. வந்தவற்றுள் ஐந்து வடிவங்கள் இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2010 ஜூலை 15 அன்று த. உதயகுமார் வரைந்த ₹ என்னும் வடிவத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அவர் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். தமிழ் அச்செழுத்துக் கலையில் ஆய்வு செய்தவர். அவ்வாண்டின் அக்டோபரிலேயே ஒருங்குறியின் 6.0 பதிப்பில் அக்குறி இடம்பெற்றது. 2011 முதல் நாணயங்களிலும், அடுத்து வங்கித் தாள்களிலும் அது பொறிக்கப்பட்டது.

இக்குறியைத் திறனாய்வு நோக்கில் அணுகும்போது வடிவத்தையும் வழக்கையும் பிரித்துக் காண்பது நன்று. வடிவம் தேவநாகரியின் 'ர' எழுத்தையும், முதுகுக்கோடு நீங்கிய உரோமன் 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கியது. மேலே இரண்டு கிடைக்கோடுகள் உள்ளன. மேற்கோடு தேவநாகரி எழுத்தின் தலைக்கோட்டை நினைவூட்டுவது. இரு எழுத்து மரபுகள் சில கோடுகளுக்குள் அடங்கிய சிக்கனம் பாராட்டத்தக்கது. கையால் எழுதவும் அது எளிது. ஆயினும் தேவநாகரியும் உரோமனும் அறியாத வாசகருக்கு அதில் தம் எழுத்து எதுவும் இல்லை. தமிழ், வங்காளம், குஜராத்தி ஆகிய எழுத்துமுறைகளுக்கு முன்னரே ரூபாய்க்கெனத் தனிக்குறிகள் இருந்தன. புதிய குறி அம்மரபுகள் எவற்றையும் தொடவில்லை. இது அதன் வடிவத்தில் உள்ள குறை.

வழக்கிலோ அது வெற்றி பெற்றது. தேவநாகரி அறியாத தமிழ் வணிகரும் விலைப்பட்டியலில் அதனைத் தயக்கமின்றி எழுதுகிறார். இதற்குக் காரணம் வடிவத்தின் அழகு அன்று. தொகைக்கு முன்னே ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது; 'ரூ.' என்னும் சுருக்கம் அங்கு நின்றிருந்தது. புதிய குறி அவ்விடத்தில் வந்து அமர்ந்தது. அரசின் ஆணையும், நாணயமும், விசைப்பலகையும் அதனைத் தாங்கின. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் நிலைபெற்றதற்கும் ஒத்த காரணங்களே உள்ளன. பெரியார் 1935 முதல் குடிஅரசு இதழில் கையாண்ட வடிவங்கள் அரசாணையும் பாடநூலும் சேர்ந்தபோது பொதுவழக்காயின. அவை அச்சுக்கோப்பவரின் சுமையைக் குறைத்தன என்பதும் அவற்றுக்குத் துணை நின்றது.

எனினும் ₹ சொல்லாக நடந்துகொள்வதில் இடர்ப்படுகிறது. 'நூறு ரூபாய்க்கு வாங்கினேன்' என்னும் தொடரில் உருபு ரூபாய் என்னும் சொல்லோடு சேர்கிறது. குறியிட்டு எழுதும்போது '₹100-க்கு' என்று உருபு எண்ணின் பின்னால் தொங்குகிறது. குறியோ எண்ணின் முன்னால் நிற்கிறது. படிப்பவர் குறியை மனத்தில் தூக்கிப் பின்னால் வைத்து, அதன்மேல் உருபை ஏற்றிப் படிக்க வேண்டும். இக்குறை ₹ என்பதற்கு மட்டும் உரியதன்று, 'ரூ. 100-க்கு' என்னும் வழக்கிலும் உள்ளது. பட்டியலில் பொருந்தும் குறி உரைநடையில் பொருந்தாமையை இது காட்டுகிறது. ஐயத்துக்கு இடம் தரக்கூடாத இடங்களில் இன்றும் குறியை மட்டும் நம்புவதில்லை. காசோலையில் தொகையை எழுத்தாலும் எழுதுகிறோம். வங்கித் தாளின் பின்புறம் உள்ள 15 மொழிகளின் பட்டியலில் தமிழ் வரியில் 'நூறு ரூபாய்' என்று முழுச்சொல்லே நிற்கிறது.

2025 மார்ச் 13 அன்று தமிழ்நாடு அரசு தன் 2025–26 நிதிநிலை அறிக்கைக்கான இலச்சினையில் ₹ என்பதற்கு மாற்றாக 'ரூ' என்னும் எழுத்தை வெளியிட்டபோது எழுந்த விவாதம் நாடறிந்தது. மொழிக்கொள்கை பற்றிய அரசியல் கருத்துகளுக்குள் செல்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எழுத்தியல் நோக்கில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அங்கே இடம்பெற்றது 'ரூ' என்னும் சுருக்கம். ௹ என்னும் மரபுக்குறி அன்று. சுருக்கம் தமிழ் வழக்கிலிருந்து ஒருபோதும் நீங்காதது. மரபுக்குறியோ பொதுமக்கள் நினைவிலிருந்து ஏறத்தாழ நீங்கிவிட்டது. ஒருங்குறியில் ₹ இடம்பெறுவதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே ௹ இடம்பெற்றிருந்தது என்பதை எண்ணும்போது, குறியீட்டெண் பெறுவது வேறு, வழக்கில் வாழ்வது வேறு என்பது தெளிவாகிறது.

ஒருங்குறியும் பதிப்பாசிரியர் பொறுப்பும்

2003இல் வெளிவந்த ஒருங்குறியின் 4.0 பதிப்பில் நாள் முதல் எண் வரையிலான எட்டுக் குறிகள் இடம்பெற்றன. 2019இல் வெளிவந்த 12.0 பதிப்பில் தமிழுக்கெனத் துணைத்தொகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. அதில் பின்ன எண்கள், முகத்தல் அளவைகள், பழைய நாணயங்கள், நில வகைகள், கணக்குச் சொற்கள் ஆகியவற்றுக்கான 51 குறிகள் உள்ளன. மலையாள எழுத்துத்தொகுதியிலும் தேதிக்கான தனிக்குறியும் பின்ன எண்களும் இடம்பெற்றுள்ளன. கணக்கு மரபின் எழுத்துச் செல்வம் இவ்வாறு பாதுகாக்கப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பதிப்பாசிரியர்கள் இவற்றைப் பயன்படுத்துகிறார்களா என்பதே கேட்கவேண்டிய வினா.

சுவடிகளையும் ஆவணங்களையும் பதிப்பிக்கும்போது குறிகளை விரித்துச் சொல்லாக எழுதிவிடுவது எளிமை கருதிக் கையாளப்படும் ஒரு முறை. படிப்பவருக்கு அது உதவியே. ஆனால் விரித்ததைச் சுட்டாமல் விரிப்பது வேறு. மூலத்தில் ௵ என்று இருப்பதைப் பதிப்பாசிரியர் 'வருடம்' என்று அச்சிட்டால், அச்சொல் அவருடையது, எழுதியவருடையது அன்று. பின்னாளில் வரலாற்று அகராதி தொகுப்பவர் அப்பதிப்பைக் கொண்டு, இன்ன நூற்றாண்டில் 'வருடம்' என்னும் வடிவம் இன்ன வட்டாரத்தில் வழங்கியது என்று எழுதக்கூடும். வருஷம், வருடம், ஆண்டு ஆகிய மூன்றின் வழக்கு வரலாற்றை ஆராய்பவருக்கு இது பொய்ச்சான்று. ஆவணம் எழுதிய கணக்கர் எந்தச் சொல்லையும் எழுதவில்லை, குறியை எழுதினார். அவர் சொல்லாமல் விட்டதை நாம் சொல்லி, அவர் பெயரில் பதிவுசெய்துவிடுகிறோம்.

இதற்கு எதிர்த்திசையிலும் பிழை நேர்கிறது. குறியை அதுபோன்ற எழுத்தாகப் படித்துவிடுவது அது. ௸ 'ஷை' ஆனதை முன்னர்க் கண்டோம். ௳ என்னும் நாட்குறி 'உ' என்று கொள்ளப்பட வாய்ப்புண்டு. தமிழ் எண் ௨ என்பதும் அதே தோற்றமுடையது. நாட்குறியை எண்ணாகக் கொண்டால் ஐந்தாம் நாள் என்பது ஐம்பத்திரண்டாகத் திரியும், தேதியே பிழைபடும். பழைய அச்சு நூல்களை ஒளிவழி எழுத்துணரி கொண்டு கணினி உரையாக்கும் பணி இன்று விரைந்து நடைபெறுகிறது. எழுத்துணரிக்குக் கணக்கரின் பயிற்சி இல்லை; இடத்தைக் கொண்டு சொல்லை உய்த்துணரும் அறிவை நாம் அதற்குக் கற்பித்தாலன்றி, வடிவத்தால் நெருங்கிய எழுத்தையே அது தரும். அவ்வுரையைச் சொல்லடைவுக்கும் மொழியாய்வுக்கும் பயன்படுத்தினால், அச்சுப் பெட்டியில் எழுத்து இல்லாமையால் அன்று நேர்ந்த திரிபு இன்று எழுத்து இருந்தும் நேரும்.

இதற்குத் தீர்வு கடினமானதன்று. பதிப்பில் குறியைக் குறியாகவே அச்சிட்டு, விரிவைப் பகர அடைப்புக்குள் தரலாம். எந்தச் சொல்லாக விரிக்கப்பட்டது, ஏன் என்பதை முன்னுரையில் ஒருமுறை கூறிவிடலாம். ஒரே ஆவணத்தில் அச்சொல் வேறிடத்தில் எழுத்தால் எழுதப்பட்டிருந்தால் அவ்வடிவத்தைப் பின்பற்றலாம். இல்லையேல் விரிவு பதிப்பாசிரியருடையது என்று தெரிவிக்கலாம். கல்வெட்டுப் பதிப்பாளர்கள் அடிக்குறிப்பில் கடைப்பிடித்த இந்நேர்மையைச் சுவடிப் பதிப்பும் ஆவணப் பதிப்பும் மேற்கொள்ள வேண்டும். முதுகலைப் பாடத்திட்டத்தில் சுவடியியல் பயிலும் மாணவர் எழுத்துகளின் வடிவ வளர்ச்சியைக் கற்பதோடு, ஒரு கணக்கோலையையேனும் வரிவரியாகப் படித்துப் பழகுதல் நன்று. குறி பட்டியலில் மனனம் செய்து அறியப்படுவதன்று. அது நிற்கும் இடத்தில் கண்டு அறியப்படுவது.

முடிவுரை

ஒரு பொதுச்சொல்லுக்குப் புதிய குறி படைக்கும் முயற்சிகளை மதிப்பிடுவதற்கு இவ்வாய்விலிருந்து மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. அக்குறிக்கு எழுத்தில் நிலையான இடம் உண்டா என்பது ஒன்று. அது குறிக்கும் சொல் அம்மொழியில் தனித்து நின்று இலக்கண உறுப்புகளை ஏற்கவல்லதா என்பது மற்றொன்று. அதனைப் பயிலும் எழுதுநரும் வாசகரும் உண்டா என்பது மூன்றாவது. மாத்திஸின் குறி இவற்றுள் முதலாவதிலும் மூன்றாவதிலும் தவறியது. ₹ முதலாவதிலும் மூன்றாவதிலும் தேறி, இரண்டாவதில் இடர்ப்படுகிறது. தமிழ்க் கணக்குக் குறிகள் மூன்றிலும் தேறியவை. ஆனால் கணக்கோலையும் அதனை எழுதிய கையும் மறைந்தபோது அவற்றின் இடமும் மறைந்தது.

மறைந்த இடத்தை ஆணையால் மீட்க இயலாது. ௵, ௴, ௳ ஆகியவற்றை இன்றைய அலுவலக வழக்கில் மீண்டும் புகுத்த வேண்டும் என்பது இக்கட்டுரையின் கோரிக்கையன்று. அவற்றுக்கு எஞ்சியுள்ள இடம் நம் முன்னோர் எழுதிச் சென்ற ஏடுகள்தாம். அங்கேயாவது அவற்றை அவையாகவே நிற்க விடுவதும், அவற்றைச் சரியாகப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்குவதும் தமிழ்த் துறைகளின் கடமையாகும். ஒருங்குறி தன் பங்கைச் செய்துவிட்டது. இனி எஞ்சியிருப்பது நம் பங்கு.